கழித்துப் பார்த்த எடை

"வானத்தை வெல்லப் பிறந்த இனம் எதை இழக்கவும் அஞ்சுவதில்லை."

கூட்டரசு விண்பயணக் கழகத்தின் தேர்வுக் கூடத்துச் சுவரில், ஆள் உயர எழுத்துகளில், தங்க நிறத்தில் இப்படி எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே, வானத்தை வெல்லப் பிறந்தவர்கள் பதினொரு பேர் ஜட்டியோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் அவரவர் சிறுநீர். பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கான பசை தீர்ந்துவிட்டது. பசை வரும்வரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது உத்தரவு.

நான்காவதாக நின்றவர் சேர்மத்துரை. உடன்குடிக்காரர், போர்விமானி, வயது முப்பத்தொன்று. ஒலியைப் பின்னால் விட்டுவிட்டுப் பறந்தவர், இப்போது கையிலுள்ள குப்பி சூடு ஆறுவதைக் கவனித்தபடி நாற்பது நிமிடமாக நின்றுகொண்டிருந்தார்.

முன்னால் நின்ற கனகசபாபதி மெல்லத் திரும்பினார். அவரும் விமானிதான், கோபிசெட்டிபாளையம்.

"ஏனுங்க, பனிநாட்டுக்காரனும் இப்பிடித்தான் புட்டியப் புடிச்சுட்டு நிப்பானுங்களா?"

"அவன்ட்ட பசை இருக்கும்வே," என்றார் சேர்மத்துரை.

பனிநாடு சந்திரனைச் சுற்றிவர ஆள் அனுப்பப்போவதாக அறிவித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு மறுநாளே கூட்டரசும் அறிவித்துவிட்டது. சித்திரை முதல் தேதி நம் வீரர் புறப்படுவார் என்று மந்திரி மேடையில் சொன்னபோது, கூட்டரசிடம் ராக்கெட்டில் பாதிதான் இருந்தது. வீரர் இல்லவே இல்லை. நாள் மட்டும் நல்ல நாளாக இருந்தது.

விண்ணப்பித்தவர்கள் நாலாயிரம் பேர். உயரம் ஐந்தடி ஏழு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். விண்கலத்துக்குள் நாலரை அடிக்கு மேல் நிமிர இடமில்லை. ஆனால் வழியனுப்பு விழாவில் அணிவகுப்பு உண்டு, அதில் குள்ளமாகத் தெரிந்தால் நாட்டுக்கு நன்றாயிராது என்று குழு தீர்மானித்திருந்தது.

சேர்மத்துரைக்கு இந்த விழா, விருது எதிலும் பெரிய ஆசை கிடையாது. நான்கு வருடம் முன்பு ஒரு சோதனைப் பறத்தலில் அவர் விமானம் உச்சியில் நின்று திணறியபோது, நடுப்பகலில் வானம் கறுத்ததைப் பார்த்திருந்தார். சூரியன் பக்கத்திலேயே இருக்க, சுற்றிலும் கறுப்பு. பதினோரு விநாடி. அதற்குப் பிறகு கீழே எதைப் பார்த்தாலும் சாயம் போன துணி மாதிரி இருந்தது. இன்னொரு முறை அந்தக் கறுப்பைப் பார்க்க வேண்டும். அதற்காகக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு விஷயமே இல்லை.

தேர்வுகள் ஐந்து மாதம் நடந்தன. பனிக்கட்டித் தண்ணீரில் காலை வைத்து ஆயிரத்திலிருந்து பின்னோக்கி ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். இருட்டறையில் ஒன்பது நாள் பூட்டிவைத்தார்கள். அதில் ஒருவர் ஆறாம் நாள் கதவைத் தட்டி, தன் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அழுதார்.

எல்லாவற்றிலும் கொடியது சுழலறை. நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஒரு கூண்டு. அதற்குள் ஆளை வைத்துச் சுழற்றுவார்கள். உடம்பு எட்டு மடங்கு கனக்கும், கன்னம் காதுக்குப் போகும். கழகத்தில் அதற்கு 'கிரைண்டர்' என்று பெயர்.

கிரைண்டரைப் பார்த்துக்கொண்டவள் நாகஜோதி. சாத்தூர்ப் பக்கம், இரண்டாம் நிலைத் தொழில்நுட்ப உதவியாளர். வீரர் ஏறுவதற்கு முன்னால் இயந்திரம் பழுதில்லாமல் ஓடுகிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமே? அவள்தான் உட்காருவாள். எட்டு மடங்கு வரை சுற்றிவிட்டு இறங்கி, கூந்தலை முடிந்துகொண்டு, பலகையில் 'சரி' என்று எழுதுவாள். ஏறும்போது பாதியில் விட்ட பேச்சை இறங்கி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடர்வாள். அதன் பிறகு வீரர் ஏறுவார். வீரர் இறங்கும்போது நாகஜோதி வாளியோடு நிற்பாள்.

"பாத்து சார். வாளி இந்தப் பக்கம்."

பதினொருவர் எட்டாகி, எட்டு நான்காகி, கடைசியில் சேர்மத்துரையும் கனகசபாபதியும் மிஞ்சினார்கள். அந்த வாரம்தான் தேர்வுக் குழுத் தலைவர் டாக்டர் ஆராவமுதன் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். எலும்பு அறுவையில் பேர்போன மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் காப்பி கொடுப்பது அவர் வழக்கம். அன்றைக்குக் காப்பியோடு முந்திரிப் பருப்பும் இருந்தது.

"ராக்கெட்டுக்கு உந்துவிசை கொஞ்சம் போதலை," என்றார். "ஆசனத்துல உட்கார்றவர் அம்பது கிலோவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எஞ்சினியர்கள் சொல்லிட்டாங்க. சேர்மத்துரை அறுபத்திரண்டு. கனகசபாபதி, நீங்க அறுபத்துமூணு."

"பட்டினி கெடக்கட்டுமா ஐயா?" என்றார் சேர்மத்துரை.

"கிடந்தா நாலு கிலோ குறையும். அப்புறம் எந்தப் பொத்தானை அமுக்கணும்னு மறந்துபோகும்."

கனகசபாபதி முந்திரியை மென்றுகொண்டே யோசித்தார். "கலத்துல வெண்கலப் பட்டயம் ஒண்ணு போகுதுங்களே, குழுவுல இருக்கறவங்க பேரெல்லாம் பொறிச்சு. அது எத்தன கிலோங்க?"

"பதினொண்ணு."

"அத எறக்கீட்டா?"

டாக்டர் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "பதினாலு பேர் தம்பி. யார் பேரை எடுக்கச் சொல்றீங்க?"

பிறகு தன் யோசனையைச் சொன்னார். நிதானமாக, ஒரு வீட்டுக்கு எப்படிச் செலவில்லாமல் வெள்ளையடிப்பது என்று சொல்கிறவர் மாதிரி.

"எடையே இல்லாத இடம். அங்க காலுக்கு என்ன வேலை? நடக்கவா போறீங்க? மிதக்கப் போறீங்க. கை போதும். பாதித் தொடையோட எடுத்துட்டா பன்னிரண்டு, பதிமூணு கிலோ குறையும். எடுத்தது கெடாம இருக்க ஒரு திரவம் ஏத்தி, குளிர்ப் பெட்டியில வெச்சுடுவோம். திரும்பி வந்ததும் நரம்புக்கு நரம்பு, குழாய்க்குக் குழாய் இணைச்சு மாட்டிடலாம். அந்தத் திரவம் என் கண்டுபிடிப்புதான். பதினெட்டு மாசம் தாங்கும். கரண்ட் மட்டும் நிக்கக் கூடாது. குரங்குல செஞ்சாச்சு."

"குரங்கு நடக்குதா ஐயா?" என்றார் சேர்மத்துரை.

"ஏறுது."

"போறது ஒருத்தர்தான? ரெண்டு பேருக்கும் எதுக்கு?"

"ஒருத்தருக்கு மட்டும் எடுத்தா தேர்வுல பாரபட்சம்னு இன்னொருத்தர் கோர்ட்டுக்குப் போவார். ரெண்டு பேருக்கும் எடுத்துட்டு, அப்புறம் சமமா வெச்சுத் தேர்வு நடத்துறதுதான் நியாயம்."

நியாயம் முப்பத்தெட்டுப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. பதினான்காம் விதியைப் படித்தபோது கனகசபாபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'பயணத்துக்குத் தேர்வு பெறுபவரின் உறுப்புகள் அனைத்தும் அவர் உடலிலோ, கழகத்தின் பாதுகாப்பிலோ இருத்தல் வேண்டும்.'

"வேறெங்கீங்க இருக்கும்? அடகுக் கடைலயா?"

அறுவைக்கு முந்தின நாள் காலையில் சேர்மத்துரையின் மனைவி ஜெயக்கொடி பார்க்க வந்தாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் பொறவு மாட்டுவாவ. சரி. யாரு காலு யாருக்குன்னு எப்படித் தெரியும் அவியளுக்கு?"

"பேரு ஒட்டுவாவட்டி."

"பசை வாங்கிட்டாவளா?"

ஜன்னலுக்கு வெளியே தேரிக்காட்டின் செம்மண் காற்றில் எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது.

"பதினோரு விநாடி பாத்ததுக்கு ரெண்டு காலா?" என்றாள். "எந்தக் கணக்குல வருது இது?"

"கணக்குல வராதுட்டி. ஒனக்கு எப்படிச் சொல்லுவேன்? அத ஒருக்கா பாத்துட்டேன்."

"வீட்ல கரண்டு போனா நானும்தான் கறுப்பப் பாக்கேன்."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து, பத்து விரலுக்கும் ஒவ்வொன்றாக நகம் வெட்டினாள். ஓரத்தில் அழுக்கு இருந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"நாலு பேரு பாக்குற எடத்துல இருக்கப்போவுது," என்றாள். "அசிங்கமா இருக்கக் கூடாது."

அறுவை நன்றாக முடிந்தது என்று டாக்டர் ஆராவமுதன் சொன்னார். அவருக்கு நன்றாகத்தான் முடிந்திருந்தது. சேர்மத்துரைக்கு ஒரு வாரம் வலது முழங்கால் அரித்தது. சொறியப் போன கை மெத்தையில் பட்டுத் திரும்பியது. மூன்றாவது வாரம் சக்கர நாற்காலியைக் கையால் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தவரிடம், குழுவில் ஒருவர் உயரத்தைப் பற்றிச் சந்தேகம் எழுப்பினார். உயரம் சேரும்போது பார்ப்பது, சேர்ந்த பிறகு பார்ப்பதல்ல என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

எடைதான் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. கால் இல்லாதவரைத் தராசு மேடையில் வைத்தால் சாய்ந்தார். நாற்காலியோடு வைத்தால் நாற்காலி சறுக்கியது. கடைசியில் நாகஜோதி ஒரு வழி கண்டாள். தானும் மேடைமீது ஏறி, பின்னாலிருந்து அவர் அக்குளுக்கடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்வாள். இருவர் எடையும் சேர்ந்து முள் காட்டும். அதிலிருந்து அவள் எடையைக் கழித்துவிட்டால் அவர் எடை. சீட்டில் மூன்று வரி எழுதி, கடைசி வரியின் கீழ் சிவப்புக் கோடு இழுத்துக் குழுவுக்கு அனுப்புவாள். பதினாலு பேரும் சிவப்புக் கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். சேர்மத்துரை நாற்பத்தொன்பது. கனகசபாபதி சரியாக ஐம்பது. குழுவில் ஒருவர் நெகிழ்ந்துபோய், கூட்டரசிலேயே ஐம்பது கிலோவுக்குள் விண்வெளிக்குத் தகுதியான ஆட்கள் இவர்கள் இருவர்தான் என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்.

மறுபடி தேர்வு, மறுபடி கிரைண்டர், மறுபடி வாளி. சேர்மத்துரை எல்லாவற்றிலும் ஒரு படி முன்னால் நின்றார். நின்றார் என்பது பத்திரிகையில் எழுதியபடி. மாசி கடைசியில் அவர் பெயரை முதல் வீரராகவும், கனகசபாபதி பெயரை மாற்று வீரராகவும் அறிவித்தார்கள். அன்று சேர்மத்துரை சாப்பாட்டில் உப்பு இருப்பதை நான்கு வருடத்தில் முதல் முறையாக ருசித்தார்.

அப்போதுதான் மந்திரிக்கு அந்த எண்ணம் வந்தது.

"மக்களுக்கு எதையாவது காட்டணும்யா," என்றாராம். "ராக்கெட்டைக் காட்ட முடியாது, ரகசியம். வீரரைக் காட்ட முடியாது, கிருமி ஒட்டிக்கும். மிச்சம் என்ன இருக்கு?"

மிச்சம் கால்தான் இருந்தது. இரண்டு ஜோடி. அதிகாரிகள் குளிர் அறைக்குப் போய்ப் பார்த்தார்கள். கனகசபாபதியின் காலில் பழைய தோல்படைத் தழும்பு, சுண்டுவிரல் கோணல், நகமெல்லாம் கறுப்பு. சேர்மத்துரையின் கால்கள் ஓட்டக்காரனின் கால்கள். நகங்கள் சீராக வெட்டப்பட்டு, நேற்றுத்தான் கோயிலுக்குப் போய்வந்தவை மாதிரி இருந்தன. தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகவில்லை.

கண்ணாடி வைத்த குளிர்ப் பெட்டியில் கால்கள் ஊர்வலம் கிளம்பின. வண்டி முழுக்கச் சாமந்தி, முன்னால் நாதஸ்வரம். ஒவ்வொரு ஊரிலும் ஆரத்தி எடுத்தார்கள். மாலைகளின் பாரத்தில் ஒருமுறை பெட்டியின் மூடியே விரிசல் விட்டது. தனிமை அறையில் படுத்திருந்த சேர்மத்துரை டிவியில் எல்லாவற்றையும் பார்த்தார். திண்டுக்கல்லில் ஒரு வயதானவர் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன்னைத் தொட வேண்டுமானால் டாக்டரே முகமூடி போட வேண்டும். தன் கால்கள் ஊர் ஊராகப் போவதைப் பார்க்கப் பார்க்க, அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பங்குனி பத்தாம் தேதி டாக்டர் ஆராவமுதன் காப்பியோடு வந்தார். தட்டில் முந்திரி இல்லை, அல்வா இருந்தது. சேர்மத்துரை அல்வாவைப் பார்த்தார்.

"என்ன ஐயா ஆச்சு?"

"கோவில்பட்டியில மந்திரி பிரமாதமாப் பேசினாராம்," என்றார் டாக்டர்.

"சரி."

"மூணு மணி நேரம், பத்து நிமிஷம். கூட்டம் கலையவே இல்லையாம்."

"அது சரி ஐயா. எனக்கு என்ன?"

"மேடைக்குப் பக்கத்துல ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்தான் இருந்திருக்கு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மைக் செட்காரன் பார்த்திருக்கான். ஒரு பெட்டி சும்மா ஓடிட்டிருக்கு. அதைப் பிடுங்கிட்டுத் தன்னுதைச் சொருகிட்டான். வெயில் நேரம். கடைசியில ஈ மொய்க்கிறதைப் பார்த்துத்தான்..."

வலது முழங்கால் மறுபடியும் அரிப்பதாக சேர்மத்துரைக்குத் தோன்றியது.

"மந்திரி என்ன பேசினாராம்?" என்று கேட்டார்.

"இந்தக் கால்களை நாடு கண்ணைப்போலக் காக்கும்னு."

சேர்மத்துரை சிரித்தார். சிரிப்பு நிற்காமல் போனதால் டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"போவுது ஐயா," என்றார் சேர்மத்துரை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காலு போனாப் போவுது. மேல அது எதுக்கு, நீங்களே சொன்னிய. இன்னும் இருவது நாளுதான். நான் மேல போயிட்டு வாரேன். மிச்சத்த வந்து பாத்துக்கிடுவோம்."

டாக்டர் அல்வாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பதினாலாம் விதி," என்றார். "உடம்புலயும் இல்லை. எங்க பாதுகாப்புலயும் இல்லை. குழு உட்கார்ந்து நாலு மணி நேரம் பேசினாங்க. எல்லாருக்கும் வருத்தம்தான். இரண்டு பேர் அழுதே விட்டாங்க."

"விதிய எழுதுனது நீங்கதான ஐயா?"

"அதனாலதான் மீற முடியலை."

மாலையில் கனகசபாபதி சக்கரப் பலகையைத் தள்ளிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"மன்னிச்சுப்போடுங்க. என்ற காலு அசிங்கமா இருந்ததுக்கு நானென்னங்க பண்றது?"

"நீரு ஒண்ணும் பண்ண வேண்டாம்வே. மேல போனதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாப் பாரும். அவ்வளவுதான்."

"என்னங்க இருக்கும் அங்க?"

"ஒண்ணும் இருக்காது. அதத்தான் பாக்கச் சொல்லுதேன்."

கால்களை அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இருபத்தொரு குண்டு முழங்கியது. சேர்மத்துரைக்கும் அழைப்பிதழ் வந்தது. நினைவிடத்துக்கு முப்பத்திரண்டு படி இருந்ததால் அவர் போகவில்லை. ஜெயக்கொடியைப் போகச் சொன்னார்கள். நகம் வெட்டிய கையால் மண் அள்ளிப் போட முடியாது என்று சொல்லிவிட்டாள்.

சித்திரை முதல் தேதி காலை, எல்லோரும் கடற்கரை மேடைக்குப் போய்விட்டார்கள். கனகசபாபதியை நான்கு பேர் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். அணிவகுப்பில் ஐந்தடி ஏழு அங்குலத்துக்குக் குறையாத காவலர்கள் நடந்தார்கள். கழகக் கட்டடத்தில் சேர்மத்துரையும் நாகஜோதியும் மட்டும் இருந்தார்கள். அவரைப் பணியிலிருந்து விடுவிக்கக் கடைசி மருத்துவச் சான்று வேண்டும், சான்றில் எடை எழுத வேண்டும். ஜெயக்கொடி வாசலில் வண்டியோடு காத்திருந்தாள்.

"வாங்க சார். ஒரே நிமிஷம்," என்று நாகஜோதி மேடையில் ஏறி, வழக்கம்போலப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தேரிக்காட்டுக்கு அப்பால் ஒரு வெளிச்சம் எழுந்து, மெல்ல, மிக மெல்ல மேலே போயிற்று. தராசு முள் நடுங்கியது. வெளிச்சம் மேகத்துக்குள் போய் மறையும்வரை அவள் பிடியை விடவில்லை.

"போயிட்டாரு சார்," என்றாள்.

"ம்."

முள் அடங்கியது. அவரை நாற்காலியில் இறக்கி வைத்துவிட்டுச் சீட்டு எழுதினாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

"ஏம்மா, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கிரைண்டர்ல நீ எத்தன மட்டம் சுத்தியிருப்ப?"

"எண்ணல சார். ஆள் ஏறும்போதெல்லாம் முன்னால ஒரு தடவ. ஆயிரத்து எரநூறு இருக்கும்."

"வாந்தி வராதா?"

"எதுக்கு சார்?" என்றாள், தனக்குப் புரியாத ஒன்றை அவர் கேட்டுவிட்டதுபோல. "நல்லாத்தான இருக்கு."

"எட்டு மடங்குல கண்ணு இருட்டுமே?"

"இருட்டும். எனக்கு அது புடிக்கும் சார்."

சேர்மத்துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏழு மாதமாகத் தினமும் பார்த்த முகம்தான். ஏதோ கேட்க வாயெடுத்தார், அதற்குள் அவள் சீட்டை நீட்டிவிட்டு வாளியைக் கழுவப் போய்விட்டாள்.

தினமும் குழுவுக்குப் போன சீட்டு அன்றுதான் முதல் முறையாக அவர் கைக்கு வந்தது. குழுவினர் விழாவுக்குப் போகும் அவசரத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பதினாலும் இருந்தன. மூன்று வரிகள். மொத்தம், தொண்ணூற்றிரண்டு. கடைசி வரி, சிவப்புக் கோட்டுடன், நாற்பத்தொன்பது.

நடுவரியில் எழுதியிருந்தது: கழிக்க வேண்டியது, நாகஜோதி, நாற்பத்து மூன்று கிலோ.